பிரேக்கில் வைத்த கால்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் பேனா தானாகவே ஓடுகிறது. ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அப்புறம் எதற்கு அந்த நாடகம்? நீ ஓசூருக்கு பஸ் ஏறிய நாளிலிருந்து நான் போடுகிற போனை எடுக்கவே இல்லை. உன் அம்மாவுக்கு மட்டும் தினமும் வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டேன்" என்று ஒரு சொல் வருகிறது. போன வாரம் அதோடு இன்னொரு வரியும் வந்தது. "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துடறேன், அப்பாகிட்ட சொல்லிடு." அவள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள், நான் படித்து முடித்ததும் உள்ளே போய்விட்டாள். கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வருகிறவன் மாதிரி, சொந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன் என்கிறாய். இதையே நேரில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

ஜவ்வாது மலை வளைவில் நாம் இருவரும் மாட்டிக்கொண்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீயும் அங்கேதானே இருந்தாய், உனக்கெதற்குக் கதை என்று கேட்பாய். நீ அன்று முழுக்கப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து சீட்டிலிருந்து தெரிந்ததை நீ பார்த்திருக்க முடியாது. அதோடு, நீ அறியாத சில உண்மைகளும் இருக்கின்றன. ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை கொடுப்பதற்காக நீ பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாய். மலைமேல் ஒரு ஊரில் கோயில் கும்பாபிஷேகம், மூன்று நாளைக்கு நாம் வாடகைக்கு விடும் பெரிய ஜெனரேட்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சக்கரம் வைத்த டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பூதத்தை எப்போதும் டிராக்டர்தான் இழுக்கும். அன்று பார்த்து டிராக்டர்காரர் வரவில்லை. நம் சின்ன பிக்கப்பில் கொக்கி போட்டு இழுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். சீரியல் லைட்டும் டியூப் லைட்டும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குள் சுற்றுகிற வண்டி அது. நீ சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்த வெயிட் எவ்ளோப்பா வரும்?" என்று கேட்டாய். நான் ஒரு கணக்குச் சொன்னேன். அது பொய். டிரெய்லரில் ஜெனரேட்டருக்குப் பின்னால் டீசல் பேரலையும் ஒயர் சுற்றுகளையும் முன்பே ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டிருந்தேன். சொன்னால் நீ கொக்கி மாட்டவே விடமாட்டாய் என்று தெரியும்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். போளூர் தாண்டி மலையடிவாரத்தில் டீக்கடை பக்கத்தில் நீ வண்டியை ஓரம்கட்டினாய். எஞ்சின் சூட்டைப் பார்த்தாய். "சமவெளியிலயே திணறுதுப்பா. மேடு தாங்காது. டிரெய்லரைக் கழட்டி இங்கயே விட்டுட்டு, ஒரு டிராக்டர் பார்க்கலாம்" என்றாய். தம்பி, நீ சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக வண்டியோடு கிடக்கிறவனுக்கு எஞ்சின் சத்தம் புரியாதா? ஆனாலும் நான் என்ன சொன்னேன்? "பூஜை போட்டுக் கிளம்பின வண்டிடா. சாமி காரியம். பாதியில நிறுத்துனா என்ன ஆவும் தெரியுமா? ஓட்டு, நான் பார்த்துக்கறேன்." என்னத்தைப் பார்த்துக்கொண்டேன்! இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. அண்ணாமலையார் மலையைச் சுற்ற ஆரம்பித்தால் பாதியில் திரும்பக் கூடாது, எதிர்ப்பக்கம் நடக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். கடைசியில் மளிகைக் கடைக்குப் போகிறவன்கூடப் பையை மறந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப யோசிக்கிறான்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஏழோ எட்டோ வளைவு தாண்டியிருப்போம். கிளட்ச் கருகுகிற நாற்றம் வந்தது. செங்குத்தான அந்த வளைவில் வண்டி ஒரு முறை முக்கியது, நின்றது, பின்னால் நகர ஆரம்பித்தது. டிரெய்லர் நம்மைப் பிடித்து இழுக்கிறது என்று புரிந்ததும் என் வாயில் அண்ணாமலையார் பெயர்கூட வரவில்லை. நீதான் ஸ்டியரிங்கை ஒடித்து டிரெய்லரைப் பாறைப் பக்கம் தள்ளினாய். அதன் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. பிக்கப் மடங்கிப் போய்ப் பாறையில் சாய்ந்தது. என் பக்கத்துக் கதவுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. உன் பக்கம் ரோடு, அதற்கப்பால் பள்ளம். "ஹேண்ட் பிரேக் பிடிக்கலப்பா. கிளட்ச் போச்சு, கியர்லயும் நிக்காது. கால எடுத்தா போயிடும்" என்றாய். நீ காலை எடுக்க முடியாது. உன்னைத் தாண்டாமல் நான் வெளியே வர முடியாது, தாண்டினால் உன் கால் நழுவிவிடும். போனில் சிக்னல் இல்லை. சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

உச்சி வெயிலில் அந்தத் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. என் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும், உனக்குத் தெரியும். நிறுத்தாமல் பேசினேன். மண்டபத்துக்கு எந்த ஜெனரேட்டரை வைப்பது, உனக்குப் பார்த்த சுகன்யா வீட்டார் எத்தனை வேனில் வருகிறார்கள், செங்கம் ரோட்டில் யார் யாருக்கு இன்னும் பத்திரிகை வைக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா."

"வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன். "யாரும் இல்ல" என்றாய். "அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது குறையா?" "அவங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் மனசு வரல. ஆஸ்பத்திரியில நீங்க கையப் புடிச்சுக்கிட்டு கேட்டீங்க. அப்போ இல்லன்னு சொல்ல வாய் வரல. நாளாவ நாளாவ சரியாயிடும்னு பார்த்தேன். ஆவல."

நான் என்ன செய்தேன்? கத்தினேன். மகன் ஒற்றைக் காலில் இரண்டு உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது, அவன் காதருகே உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "முதல் பத்திரிகையை அண்ணாமலையார் பாதத்துல வெச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்டா! இனிமே திரும்பறதா? ஊர்ல தலை காட்ட முடியுமா?" என்றேன். யாருமே இல்லை என்று நீ சொன்னதில்தான் எனக்கு ஜாஸ்தி கோபம். வேறொரு பெண் இருந்தால் அவளோடு சண்டை போடலாம், சாதி பேசலாம், அழலாம். மனசு வரவில்லை என்கிறவனை என்ன செய்வது? உன் கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முட்டிக்கு மேல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். அதைப் பார்த்தபடியே நான் இன்னும் கால் மணி நேரம் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மொபெட்டில் மேலேயிருந்து இறங்கி வந்த அந்த மலைக்காரரும் அவர் மனைவியும் நின்று பார்த்தார்கள். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாறை ஓரத்திலிருந்து கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, அவர்கள் இருவருமாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தார்கள். "இப்போ கால எடு சாமி" என்றாள். நீ எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. இரண்டு கைகளாலும் உன் தொடையைத் தூக்கி, அது வேறு யாருடைய காலோ என்பதுபோல வெளியே வைத்தாய். கீழே இறங்கியதும் உட்கார்ந்துவிட்டாய். நான் உன் சீட்டு வழியாக ஊர்ந்து வெளியே வந்தேன். உன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. நேராக ஜெனரேட்டருக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

டிரெய்லரைக் கழட்டினோம், மேலே ஊரிலிருந்து டிராக்டர் வந்து இழுத்துப் போனது, கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. நீ வீட்டுக்கு வந்து, குளித்து, மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாய். இரண்டு நாள் கழித்து உன் அம்மா என்னிடம், "மலைல என்ன ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். அப்போது அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். இருபத்தொன்பது வருஷமாக நான் கேட்காத கேள்வி. அதை உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மனசு வரவில்லை. என் அப்பாவிடம் சொன்னேன். "பத்திரிகை அடிச்சாச்சு, வாய மூடு" என்றார். வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் ஆன பிறகும் திறக்கவில்லை, அதுதான் நான் செய்த பாவம். என் அப்பாவிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் உன் அம்மாவிடம் காட்டினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். வைத்ததைச் சாப்பிட்டேன். ஜெனரேட்டரோடு ஊர் ஊராகச் சுற்றினேன், வேலை இல்லாத நாளிலும் வேலை என்று சொல்லிக் கிளம்பினேன். நீ இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அவள் ஆசைப்பட்டாள் என்று ஒரு நாள் விடியற்காலையில் கிரிவலம் அழைத்துப் போனேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். நான் முன்னால் நடந்தேன். "கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு முறை கேட்டது. நான் நிற்கவில்லை. பாதி வழியில், அடி அண்ணாமலையில் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. தேடிப் போகாமல் மீதி தூரத்தையும் நடந்து முடித்து, கோபுரத்துக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஆட்டோ பிடித்து முன்பே வந்திருந்தாள். காலில் முள் குத்தி வீங்கியிருந்தது. என் அக்கா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "கூட்டம் ஜாஸ்தி அண்ணி, தவறிட்டேன்" என்றாள். அன்று பௌர்ணமியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமை. அந்த வழியில் எங்களையும் நாலு சாமியார்களையும் குரங்குகளையும் தவிர யாருமே கிடையாது. என் மானத்தைக் காப்பாற்ற அவள் ஒரு கூட்டத்தையே உண்டாக்கினாள்.

அப்படிப் பதினோரு வருஷம். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில், எப்போது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, அவள் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது என்று ஆகிவிட்டது. இன்று அவள் ஒரு நாள் ஊருக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. இதைச் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். "கட்டிக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்று ஊரே சொல்லும், நானும் உன்னிடம் சொன்னேன். சரியானது எனக்கு. அவளுக்கு அந்தப் பதினோரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? நான் மாட்டிக்கொண்டேன், நான் மாட்டிக்கொண்டேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேனே தவிர, என்னோடு ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எனக்காவது வெளியே போக ஒரு வண்டி இருந்தது.

அன்று துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: "எனக்கு அப்போ இஷ்டமில்லன்னு உனக்குத் தெரியுமா?" அவள் நிமிரவே இல்லை. "மணவறையிலயே தெரியுங்க. தாலி கட்டும்போது நீங்க என் முகத்தப் பார்க்கல. எங்க அப்பாகிட்ட போய் என்னத்தச் சொல்றது, ஊரே சாப்ட உக்காந்தாச்சு" என்றாள். உன் பழைய சட்டை ஒன்றை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம பையன் அப்படி இல்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், இவனும் வாய மூடிக்கிட்டு வந்துடறேங்கறான். அந்தப் பொண்ணுக்கும் மணவறையில தெரிய வேணாங்க. இப்பவே தெரியட்டும்." அவள் எழுந்து போன பிறகு அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். பாதத்தில் வைத்த பத்திரிகையைத் திரும்பப் பெற ஏதாவது பரிகாரம் உண்டா என்று, நமக்குப் பழக்கமான குருக்களிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தினம் எத்தனை பத்திரிகை வர்றது தெரியுமோ? ஒண்ணுக்காவது சாமி நேர்ல வந்து மொய் எழுதியிருக்காரா? அவர் பேரச் சொல்லிப் பிள்ளையக் கட்டிப் போடாதேயும். போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லும்" என்று கையில் விபூதியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சொல்ல வேண்டிய இடம் செங்கம். உன் அம்மாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று நான் தனியாகப் போனேன். சுகன்யாவின் அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் மனிதர்தானே, எகிறினார். "பொண்ணு வீடுன்னா உங்களுக்கு அவ்ளோ எளக்காரமா? எங்க சொந்தக்காரங்க மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்று கேட்டார். அவள் அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். எனக்குப் பதில் பேசும் உரிமை இல்லை. தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஆயுசில் முதல் முறையாக ஒருவர் கத்தும்போது நான் திருப்பிக் கத்தவில்லை. வாசல் பக்கம் போகவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

அப்போது அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் பின்வாசல் வழியாக வந்திருப்பாள் போல, தோளில் பை இருந்தது. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "இது உங்க முடிவா, அவரோடதா?" என்று கேட்டாள். அவனுடையது என்றேன். "அப்போ அவர் ஏன் வரல?" என்றாள். நான் கத்தியதையும், ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கியதையும் சொன்னேன். எல்லாம் என் தப்பு என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் விடவில்லை. "சரிங்க. உங்ககிட்ட சொல்ல அவருக்கு வாய் வந்திருக்கு. ரெண்டு மாசமா எங்கிட்ட தினம் போன்ல பேசினாரே, சாப்டியா, தூங்கினியான்னு. ஒரு நாள்கூட இத சொல்லணும்னு தோணலயா? ஞாயித்துக்கிழமை அவர வரச் சொல்லுங்க. எதிர்ல உக்காந்து சொல்லட்டும். நான் அழ மாட்டேன்னு சொல்லுங்க. அழுதாலும் அது என் பாடு."

வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது யோசித்தேன். நீ பாவம், மாட்டிக்கொண்டாய் என்றுதான் நான் அவள் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. உன்னைக் கட்டிப்போட்டது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் இரண்டு மாதம் போனில் இனிக்க இனிக்கப் பேசியது நானில்லை. அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் அப்புறம் அவள் எதிரில் உட்கார்ந்ததும் உன் மனசு மாறிவிட்டது என்றே வைத்துக்கொள், அதையும் என்னிடம் வந்து சொல்லாதே. இனிமேல் சரி என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டியவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து நேராகச் செங்கத்துக்கு வந்து இறங்கு. வீட்டுக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. என்னைப் பார்த்தால் உனக்கு மறுபடியும் வாய் அடைத்துவிடும். ஊர் பேசுவதை நான் கேட்டுக்கொள்கிறேன், சொந்தக்காரர்கள் வீட்டுப் படி ஒவ்வொன்றும் ஏறி நானே சொல்கிறேன். அது என் வேலை. என் உடம்பை நினைத்துப் பயப்படாதே. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக் கேட்டேனே, அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் பயமில்லை, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

உன் அப்பா